முட்டுக்கல்

நம்பிக்கை என்று நான் சொல்வது
பெரிய விஷயம் ஒன்றுமில்லை.
இறம்பொடை இறக்கத்தில், இரவு ஒன்றரைக்கு,
பியதிஸ்ஸ ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க
நான் வாய் பிளந்து தூங்குவது.

ஒன்பது வருஷம்.
கந்தப்பளையில் லீக்ஸ் ஏற்றித்
தம்புள்ளையில் இறக்கி,
லீசிங் காசில் ஆளுக்குப் பாதி,
கொத்து ரொட்டியில் ஆளுக்குப் பாதி.
முன் பம்பரில் தொங்கும் எலுமிச்சம்பழம்
அவன் வாங்கிக் கட்டுவது.
எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

லீசிங் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று
மச்சான் தவசி சொன்னான்:
"சிங்கள ஆளோட கூட்டு. பாத்துக்க."
"அவன் மத்தவங்க மாதிரி இல்ல" என்றேன்.
அதே கிழமை பெற்றோல் செட்டில்
பியதிஸ்ஸவின் அண்ணன் என்னைக் காட்டி
என்னமோ கேட்டான்.
இவன் சொன்ன பதில் எனக்கு விளங்கிற்று.
சிங்களத்தில் ஒரு சொல் கூடுதல்,
மற்றபடி என் வாக்கியம்தான்.
சுருக்கென்றது.
என்னுடையதை அவன் கேட்டிருந்தால் என்று
அன்றைக்கு யோசிக்கவில்லை.

போன ஐப்பசியில் ஃபேன் பெல்ட் அறுந்தது.
எந்த வளைவில் என்றால்
எண்பத்து மூன்றில் என் அப்பா
பஸ்ஸிலிருந்து குதித்துத் தேயிலைக்குள் ஓடிய வளைவில்.
பியதிஸ்ஸவுக்கு இதைச் சொன்னதில்லை.
அந்த இடம் வரும்போது
பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.
அவ்வளவுதான்.

வந்த பால் பவுசரில் தொற்றிக்கொண்டு
பெல்ட் தேடிப் புசல்லாவைக்குப் போனான் அவன்.
பனி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை.
முக்கால் மணித்தியாலம் போனபின்
கதவில் ஒரு தட்டு.
"ஐயே" என்றது குரல். "ஐயே."
அண்ணா என்று அர்த்தம்.
அண்ணா என்று எனக்குக் கேட்கவில்லை.

கண்ணாடியை இறக்கவில்லை.
வீல் ஸ்பேனர் மடியில் கிடந்தது,
எப்போது எடுத்தேன் தெரியாது.
டோர்ச் வெளிச்சம் லொறியை ஒரு சுற்றுச் சுற்றிப்
பின்பக்கம் நின்றது, கனநேரம்.
டயரைக் கிழிக்கிறான்.
தார்ப்பாயை அவிழ்க்கிறான்.
இன்னும் நாலைந்து பேர் தேயிலைக்குள் நிற்கிறார்கள்.
இப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்
செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போகும்வரை,
போன பிறகும்.

விடிய, பெல்ட் பூட்டிப் புறப்படப் பார்த்தால்
பின்சக்கரத்தின் முன்னே ஒரு கல்.
ரோட்டுக்கல் இல்லை.
ஈரமண் ஒட்டிய மலைக்கல்.
ஓராள் இரண்டு கையாலும்
வயிற்றில் அணைத்துத் தூக்கி வந்திருக்க வேண்டும்.
சக்கரத்துக்குப் பின்னே, சேற்றில்,
டயர் வழுக்கிய தடம், ஒரு முழம்.
எங்கள் ஹேண்ட் பிரேக்
என்றைக்கும் பாதிதான் பிடிக்கும்.
முன்னால் பள்ளம்.

"சரியான வேலை செஞ்சிருக்கே" என்றான் பியதிஸ்ஸ.
ஆமென்று சொல்ல வாயெடுத்தேன்.
"நான் வைக்கல."
அவன் என்னைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்,
மடியிலிருந்து விழுந்து
படியில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கல்லைத் தூக்கி உள்ளே வைத்தான்,
இருவர் கால்களுக்கும் நடுவில்.

தவசியிடம் சொன்னேன்.
பீடியைப் பற்றவைத்தபடி,
"அப்ப அவனும் மத்தவங்க மாதிரி இல்ல" என்றான்.
மத்தவங்க.
அந்தக் கூட்டத்தில் இன்னுமொரு ஆள் குறைந்தான்,
கூட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அடுத்த ஓட்டத்தில் அவன்தான் ஓட்டினான்.
வளைவு வந்தது.
பாட்டுப் பெட்டியை அணைத்தேன்.
"இங்கதான்" என்றேன்.
"கல்லு வச்ச எடமா?"
"அதுவும்தான்."
அவன் கியரைக் குறைத்தான்.